மகளைப் பற்றி நான் சொன்ன நாலு குறைகள்

லக்ரோஸ் விளையாட்டை முதன்முதலாகப் பார்த்த அன்று, என் மகளை மற்றப் பிள்ளைகள் ஏமாற்றி வேலை வாங்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நுனியில் வலை கட்டிய தடி ஒன்று ஒவ்வொருத்தியின் கையிலும் இருக்கும். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய, கல்லுப் போன்ற மஞ்சள் பந்தை அந்த வலைக்குள் வைத்து, விழாமல் ஆட்டிக்கொண்டே ஓடி, எதிர்ப்பக்கத்துக் கோலுக்குள் எறிய வேண்டும். கோல் போடுகிற பிள்ளைகள் முன்னால் நின்றுகொள்வார்கள். கோல் காக்கிற பிள்ளைகள் பின்னால் நின்றுகொள்வார்கள். நடுவில் நிற்கும் மூன்று பேர்தான் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். அவர்களிலும் இருவர் அடிக்கடி மாற்று ஆளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடிப்பார்கள். என் மகள் வரவே மாட்டாள். அந்தப் பக்கம் கோல் அடித்துவிட்டு, இந்தப் பக்கம் ஓடிவந்து மற்றவளின் தடியிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு, திரும்பவும் அந்தப் பக்கம் ஓடுவாள்.

நான் சூரிச்சில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கேயும் அப்படி ஒரு ஆள் உண்டு. அடுப்படியில் நின்று சோஸ் கிளறுவார், சட்டி குவிந்தால் ஓடிப்போய்க் கழுவுவார், மாடியில் ஆள் குறைந்தால் தட்டும் தூக்குவார். அந்த ஆள் நான்தான். அப்படி எல்லா வேலையும் தெரிந்தவனை யாரும் உயர்த்திவிடுவதில்லை, அவன் இருக்கிற இடத்திலேயே இருந்தால்தான் எல்லோருக்கும் வசதி என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் மகள் களத்தின் இரண்டு பக்கமும் ஓடுவதைப் பார்க்க எனக்குப் பெருமை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் புதுப் புது விளையாட்டுகளைப் பழக்கியபோது பதின்மூன்று வயதில் அந்தத் தடியைக் கையில் எடுத்தவள், பிறகு கீழே வைக்கவில்லை. கிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளிக்குப் போன பின்பும் வாரத்தில் மூன்று நாள் க்ளப்பில் பயிற்சி. சனிக்கிழமைகளில் ஆட்டம். நான் சும்மா நின்று பதறுவதைப் பார்த்த க்ளப் பயிற்சியாளர், ஒரு இளம் சுவிஸ் பெண், என் கையில் வீடியோக் கமெராவைக் கொடுத்துவிட்டார். மைதானத்தில் மேடை இல்லாததால் வீட்டிலிருந்து அலுமினிய ஏணி ஒன்றை எஸ்-பான் ரயிலில் தூக்கிக்கொண்டு போய், அதில் ஏறி நின்று படம் பிடிப்பேன். ஏணிக்கும் டிக்கெட் எடுத்தீர்களா என்று ஒரு பரிசோதகர் என்னைப் பகிடி பண்ணியிருக்கிறார். மூன்று வருடம் ஒரு ஆட்டம் விடாமல் பிடித்தேன். அந்தப் பிள்ளை விளையாடுவதை என்னைவிட அதிகமாகப் பார்த்த ஆள் உலகத்தில் இல்லை.

அவளுக்குப் பதினேழு வயதாக இருந்த அந்தச் சித்திரை மாதத்தில் பயிற்சியாளர் ஒரு செய்தி சொன்னார். அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணிக்கு, இரண்டு பக்கமும் விளையாடக்கூடிய நடுக்கள ஆட்டக்காரி ஒருத்தி தேவைப்படுகிறாள். வெளிநாட்டிலிருந்து அந்த வருடம் ஒரே ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். அந்தக் கல்லூரிக்காக ஐரோப்பாவில் பிள்ளைகளைப் பார்த்து அறிக்கை எழுதி அனுப்பும் அம்மா ஒருவர் சூரிச்சிலேயே இருக்கிறார். வருகிற சனிக்கிழமை அவர் எங்கள் மகளைப் பார்க்க வருகிறார்.

மகள் இதற்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். இங்கே கிம்னாசியம் முடிந்தால் அவரவர் பல்கலைக்கழகம், வேலை என்று பிரிந்துவிடுவார்கள், தடி மேசைக்கடியில் கிடக்க வேண்டியதுதான். அங்கே போனால் படித்துக்கொண்டே விளையாடலாம். ஆனால் அணியே கேட்டு உதவித்தொகையோடு எடுத்தாலொழிய எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளை அந்தக் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. அவள் இதையெல்லாம் ஒரே ஒருமுறை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்களைப் பார்க்காமல் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆசையை வாயால் சொல்லாத பழக்கத்தை அவள் எங்கிருந்து படித்தாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அந்த வாரம் நான் நானாக இல்லை. செவ்வாய்க்கிழமை கரட் சூப்புக்கு உப்பை இரண்டு முறை போட்டேன். இரண்டாம் மாடியில் இருக்கும் தொண்ணூறு வயது அம்மா, எனக்குக் காதல் வந்துவிட்டதா என்று தாதியிடம் கேட்டு அனுப்பினார். உப்புக் கூடினால் சமைத்தவருக்குக் காதல் என்பது இந்த ஊர்ப் பேச்சு. வீட்டில் மனைவியும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மகளை முன்னறையில் இருத்தி, உப்பும் செத்தல் மிளகாயும் தலையைச் சுற்றி எடுத்து அடுப்பில் போட்டாள். நாவூறு கழிக்கிறாளாம். புகை எழும்பி, கூரையில் இருந்த அலாரம் கத்தி, கீழ்வீட்டு மனிதர் செருப்போடு ஓடிவந்துவிட்டார். மிளகாய் வறுத்தோம் என்று சொல்லி அனுப்பினேன்.

நாவூறு என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. நல்லாயிருக்கிற பிள்ளையை நல்லாயிருக்கு என்று யாராவது சொன்னால் போதும், அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். அதனால் பெற்றவர்கள் முந்திக்கொண்டு பிள்ளையைக் குறை சொல்லிவிட வேண்டும். தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு நாள் நின்றால் இந்தக் கச்சேரியைக் கேட்கலாம். என்ர பிள்ளை புத்தகத்தைத் தொடுறதே இல்லை என்று ஒருவர் சொன்னால், அந்தப் பிள்ளை வகுப்பில் முதலாம் பிள்ளை என்று அர்த்தம். இவனுக்கு ஒண்டும் ஏறாது என்றால் மருத்துவம் படிக்கப் போகிறான் என்று அர்த்தம். கேட்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஒரு கெடுதியும் நடக்கவில்லை.

எனக்கு இந்தப் பயம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 2009 இல், என் தம்பி வன்னியிலிருந்து தப்பி முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டான் என்று யாரோ போனில் சொன்னார்கள். நான் அதை உறுதி செய்யவில்லை. சந்தோஷத்தில் லாங்ஸ்ட்ராஸ தெருவில் உள்ள தமிழ்க் கடைகளில் கண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். கற்பூரம் வாங்கினேன். எட்டு வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சித்தப்பா வந்திட்டார் என்று வீட்டுக்குள் ஆடினேன். அவன் வரவில்லை. வந்தது அவனுடைய பெயர் உள்ள வேறொருவர். நான் சொல்லித் திரிந்ததால்தான் அவன் வரவில்லை என்று ஒரு படித்த மனிதன் நம்பக்கூடாது. நான் நம்பினேன். அதற்குப் பிறகு நல்லது எதையும் நடந்து முடியும்வரை என் வாயால் சொல்வதை விட்டுவிட்டேன். நடந்து முடிந்த பிறகும் சொல்வதில்லை.

சனிக்கிழமை ட்ராமின் கடைசித் தரிப்பிடத்துக்கு அப்பால் இருக்கும் மைதானத்தில் ஆட்டம். மெல்லிய மழை. அறிக்கை எழுதுகிற அம்மா மடிக்கிற கதிரை ஒன்றைக் கொண்டுவந்து என் ஏணிக்குப் பக்கத்திலேயே போட்டு அமர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்பு தானே விளையாடியவர், இங்கே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டவர், ஜெர்மன் நன்றாகப் பேசினார். மடியில் ஒரு கொப்பி, அதற்கு மேல் மழைக்காகப் பிளாஸ்டிக் உறை. மகள் முதல் கோலை அடித்தபோது எல்லோரும் கத்தினார்கள். அவர் ஒன்றுமே எழுதவில்லை. பிறகு மகள் பந்தைத் தவறவிட்டாள். உடனே குனிந்து எழுதத் தொடங்கினார். நான் ஏணியிலிருந்து அவருடைய கொப்பியை எட்டிப் பார்த்தேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார். எல்லோரும் பந்து போகிற இடத்தைப் பார்ப்பார்கள், நான் பந்தை இழந்த பிள்ளையைப் பார்ப்பேன் என்றார். சிலர் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள். சிலர் நடுவரைப் பார்ப்பார்கள். சிலர் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்புவார்கள். உங்கள் மகள் அடியே வைக்கவில்லை, பந்து விழும்போதே திரும்பிவிட்டாள். அப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்று வருடம் ஏணியில் நின்று பார்த்தும் எனக்கு விளங்காததை அந்த அம்மா ஒரு நிமிடத்தில் எனக்குக் காட்டினார். மகளை யாரும் ஏமாற்றி வேலை வாங்கவில்லை. களத்தின் இரண்டு பக்கமும் தனக்கு வேண்டும் என்றுதான் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷம் எனக்குப் பயத்தைத்தான் தந்தது. இவ்வளவு பெரிய நல்ல வார்த்தையை, அதுவும் ஆட்டம் முடியாமல், ஒரு அந்நியர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இடைவேளையில் அவர் என்னிடம் மகளைப் பற்றிக் கேட்டார். வீட்டில் எப்படி, உடம்பு எப்படி, உழைப்பாளியா, சொல்வதைக் கேட்பாளா. நான் முந்திக்கொண்டேன்.

பெரிதாக ஒன்றுமில்லை என்றேன். இரண்டாம் பாதியில் களைத்துவிடுவாள், இனிப் பாருங்கள் என்றேன். முழங்காலில் ஒரு பிரச்சினை இருக்கிறது என்றேன். அது பதினான்கு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து தோல் உரிந்த முழங்கால், இரண்டு வாரத்தில் ஆறிப்போனது. சரியான சோம்பேறி, காலையில் எழுப்ப முடியாது என்றேன். சொன்னாலும் கேட்கமாட்டாள் என்றும் சேர்த்தேன். சமையலறை ஜெர்மனில் எனக்குத் தெரிந்த குறைச் சொற்கள் அவ்வளவுதான், இல்லாவிட்டால் இன்னும் சொல்லியிருப்பேன். அவர் தலையாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினார். அவர் எழுத எழுத எனக்கு மனம் லேசாகியது. அப்பாடா, இனி என் பிள்ளையை யாருடைய கண்ணும் ஒன்றும் செய்யாது என்று ஏணியில் ஏறினேன்.

இரண்டாம் பாதியில் மகள் இன்னும் நன்றாக விளையாடினாள். நான் குறை சொல்லி வைத்ததன் பலன் என்றே நம்பினேன்.

மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. மகள் வழக்கம்போலப் பயிற்சிக்குப் போனாள், வந்தாள். ஆனால் போனைச் சாப்பாட்டு மேசையில் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பாள், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள். அவள் திருப்பும்போதெல்லாம் நானும் மனைவியும் தட்டைப் பார்ப்போம். மூன்று பேரும் வீட்டுக்குள் ஒரு பூனையை மிதித்துவிடாமல் நடப்பதுபோல நடந்தோம்.

நாலாவது வாரம், நான் குளிர் அறையில் வெண்ணெய்ப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் போன் எடுத்தார். மகளிடம் இன்னும் கேட்கவில்லை, முதலில் உங்களிடம் கேட்கிறேன் என்றார். அறிக்கையில் ஆட்டத்தைப் பற்றி எழுதியது எல்லாம் மிக நன்றாக இருக்கிறதாம். ஆனால் கடைசியில், குடும்பத்தினர் தந்த தகவல் என்று ஒரு பகுதி இருக்கிறதாம். பழைய முழங்கால் காயம். இரண்டாம் பாதியில் களைப்பு. சோம்பல். அறிவுரையை ஏற்பதில்லை. கல்லூரிப் பயிற்சியாளருக்கு அதுதான் தயக்கமாம். அவர்களிடம் இன்னொரு நாட்டுப் பிள்ளையும் பட்டியலில் இருக்கிறாள். எனக்கு இந்த முழங்காலைப் பற்றித் தெரியவே தெரியாதே, ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று அவர் வருத்தமாகக் கேட்டார்.

நான் வெண்ணெய்ப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன்.  பிள்ளையைக் கெடுக்க வேண்டும் என்று ஒரு எதிரி திட்டம் போட்டிருந்தாலும் இப்படி நாலு குறைகளைப் பொறுக்கி எடுத்திருக்க மாட்டான். ஒரு விளையாட்டுப் பிள்ளையைப் பற்றி வீட்டாரிடம் மட்டும் கேட்டு அறியக்கூடிய நாலு விஷயம் எதுவோ, அந்த நாலிலும் நான் பொய் சொல்லியிருக்கிறேன். அது எங்கள் ஆட்களின் வழக்கம், அப்படித்தான் சொல்வோம் என்று பயிற்சியாளருக்கு விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. உங்கள் மகளைப் பற்றி ஏன் நீங்களே பொய்யாகக் கெடுதல் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அறிக்கை போய்விட்டது, இனி வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கல்லூரிப் பயிற்சியாளர் வீடியோவில் மகளோடு பேசப்போகிறார், பெற்றோரும் இருக்கட்டும் என்கிறார், அப்போது நேராகச் சொல்லிவிடுங்கள் என்றார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். 

"நான் எண்டாலும் அப்பிடித்தானப்பா சொல்லியிருப்பன்," என்றாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

மகளிடம் சொல்ல இரண்டு நாள் இருந்தது. புதன்கிழமை அவள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்தேன், மழை வரும் போல இருக்கு, ஜாக்கெட்டை எடு என்று சொல்லிவிட்டு மூடினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் என்னைப் பார்க்கப் போகும் பார்வைக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை நான் கல்யாண வீடுகளுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். மனைவி திரையில் விழாத இடமாகப் பார்த்து ஓரமாக இருந்தாள். திரையில் தொப்பி போட்ட ஒரு பெண்மணி வந்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாது. என்னுடைய ஆங்கிலம் கை குலுக்கவும் கறி பரிமாறவும் மட்டும் காணும். மகள்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகப் போனது. அவர் மகளின் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார், மகள் சிவந்துபோய் நன்றி சொன்னாள். பிறகு அவர் ஒரு தாளைப் பார்த்துக் கேட்ட நீண்ட கேள்வியில் எனக்கு விளங்கிய சொல் முழங்கால் மட்டும்தான். மகள் என் பக்கம் திரும்ப நேரம் எடுத்தாள்.

"அப்பா, என்ர முழங்காலுக்கு என்ன? நீங்கள் என்னைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

நான் சொன்னேன். நாலையும் சொன்னேன்.  அவள் கத்தவில்லை. வாயைச் சற்றுத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் கை வெட்டுப்பட்ட பெடியன்கள் இரத்தம் வருவதற்கு முன் ஒரு கணம் அப்படித்தான் பார்ப்பார்கள். திரையில் இருந்த பெண்மணி பொறுமையாகக் காத்திருந்தார்.

அந்தக் கணத்தில் என் பயத்தைவிட அவளுடைய முகம் பெரிதாகப் போய்விட்டது. இனி வருகிற நாவூறு வரட்டும் என்று பேசத் தொடங்கினேன். நான் சொன்னது அவ்வளவும் பொய் என்றேன். பெர்னில் மழைக்குள் நடந்த ஆட்டத்தைச் சொன்னேன். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது இவள் பந்தைப் பறிகொடுத்தாள், மற்றவர்கள் நின்றுவிட்டார்கள், இவள் மட்டும் மைதானம் முழுவதும் துரத்திப்போய்ப் பந்தைத் திரும்பப் பறித்து, அதே மூச்சில் மறுபக்கம் வந்து கோல் போட்டாள் என்றேன். இவள் களைத்து நான் பார்த்ததில்லை. காலை ஐந்தரைக்கு நான் வேலைக்குப் புறப்படும்போது கராஜ் சுவரில் பந்து எறிந்துகொண்டிருப்பாள். பயிற்சியாளர் ஒன்றைத் திருத்தினால் அடுத்த கிழமை அந்தப் பிழை இருக்காது. நான் பார்த்த ஆட்டக்காரிகளில் இவள்தான் திறம், இதை நான் தகப்பன் என்று சொல்லவில்லை, எல்லா ஆட்டத்தையும் படம் பிடித்த ஆள் என்று சொல்கிறேன் என்றேன்.  என் வாழ்க்கையில் அவளைப் பற்றி அவ்வளவு சொன்னதில்லை. அவளுக்கு முன்னால் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

மகள் திரையைப் பார்த்து இரண்டே வசனம் சொன்னாள். முழங்காலுக்கு ஒன்றுமில்லை, நான் கடுமையாக முயற்சி செய்வேன் என்று அப்பா சொல்கிறார். அவ்வளவுதான். அந்தளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "நான் சொன்னதைச் சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதை என்ர வாயால எப்பிடியப்பா சொல்லுறது?"

ஓரத்தில் இருந்த மனைவி முகத்தைத் துடைத்தாள்.  அந்த நோய் என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு உப்பு மிளகாய் சுற்றத் தெரியாது, நாவூறில் நம்பிக்கையும் கிடையாது. ஆனால் தன்னைப் பற்றி நல்லது சொல்ல வாய் வரவில்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டு, என் சமையலறை ஆங்கிலத்தை எடுத்தேன். நான் பொய் சொன்னேன், பயத்தில் சொன்னேன். இவள் நல்லவள், மிக மிக நல்லவள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நல்லவள். கையால் இரண்டு பக்கமும் காட்டிக் காட்டிச் சொன்னேன். வினைச்சொல்லே இல்லாத வசனங்கள். பெண்மணி சிரிக்கவில்லை. அந்தப் பெர்ன் ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை வெட்டாமல் அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டார். அனுப்பினேன்.

மகள் எழும்பித் தடியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். கராஜ் சுவரில் பந்து மோதும் சத்தம் வெகு நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது சப்பாத்தைக் கழற்றாமலே என் முன்னால் நின்றாள். அந்தப் பெர்ன் ஆட்டம் முடிந்து ரயிலில் வரும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. தலையைத் துடை, தடிமன் பிடிக்கும் என்று சொன்னீர்கள், வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றாள். நான் நன்றாக விளையாடவில்லை, அதுதான் அப்பா பேசாமல் வருகிறார் என்று நினைத்தேன் என்றாள். சித்தப்பாவின் கதையை அன்றுதான் அவளுக்கு முழுதாகச் சொன்னேன். தோளில் தூக்கி ஆடியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஏன் அதற்குப் பிறகு ஆடவில்லை என்பது மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

பத்து நாள் கழித்து அவளை எடுத்துக்கொண்டார்கள். விமானம் ஏறும்வரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று மனைவி கட்டளை போட்டாள். நானும் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமையில் ஒரு மனிதன் முழுதாகத் திருந்திவிடுவதில்லை.

அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில் ஒரு நாள், மூன்று மணி போல, மாலைச் சாப்பாட்டுக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் அப்போது காலை, மகள் அங்கிருந்து போன் எடுத்தாள். அவர்கள் அணியில் ஒவ்வொருத்தியும் தன் பலம் ஒரு பக்கம், தன் பலவீனம் ஒரு பக்கம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அன்று மத்தியானம் கடைசி நேரம். பலவீனம் ஒரு பக்கம் போதாமல் அடுத்த பக்கத்திலும் எழுதிவிட்டாளாம். பலம் எழுத வேண்டிய பக்கம் வெறுமையாக இருக்கிறதாம்.

"அண்டைக்கு அந்த வீடியோவில நீங்கள் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கோ," என்றாள்.

சட்டி கழுவிக்கொண்டிருந்த அண்ணை ஒருவர் எனக்குப் பின்னால் நின்றார், அவரும் யாழ்ப்பாணம், காது கூர்மை. பழக்கத்தில் குரலைத் தாழ்த்தினேன். நெஞ்சு படபடத்தது. இப்போதும் படபடக்கிறது, அது போகப்போவதில்லை. பிறகு கத்தியை வைத்துவிட்டு, அண்ணைக்கும் கேட்கிற மாதிரி, பெர்ன் மழையிலிருந்து தொடங்கினேன். போனின் மறுமுனையில் அவள் கணினி விசைகள் தட்டும் சத்தம் என் பேச்சுக்குப் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ அப்பா," என்றாள். "இந்த முறை ஒண்டையும் விடாமல் எழுத வேணும்."